ஆலமரத்து வீடு (குடும்ப வாட்ஸ்அப் குழு): தேவியின் நர்சிங் படிப்பு

கலா: எல்லோருக்கும் ஒரு சந்தோஷமான விஷயம். தேவியை நர்சிங் சேர்க்கிறோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு இன்ஸ்டிடியூட். ஒரே வருடம்தான், கவர்மெண்ட் வேலைக்கே போகலாம் என்கிறார்கள். இன்று 5,000 அட்வான்ஸ் கட்டியாச்சு.

மணி: வாழ்த்துகள் தேவி

பாண்டியன்: நல்லது

செல்வி: கலா, ரசீதில் என்ன கோர்ஸ் என்று போட்டிருக்கிறது?

கலா: நர்சிங் அசிஸ்டெண்ட் டிப்ளமோ, மதினி

செல்வி: சர்டிபிகேட் யார் தருவார்கள்?

கலா: அவர்களேதான்

செல்வி: அதுதான் இடிக்கிறது. ஒரு வருடத்தில் யாரும் நர்ஸ் ஆக முடியாது. ஏஎன்எம் என்கிற துணை நர்ஸ் படிப்பு 2 வருடம், ஜிஎன்எம் என்கிற நர்சிங் டிப்ளமோ 3, பி.எஸ்சி. நர்சிங் 4. முடித்து மாநில நர்சிங் கவுன்சிலில் பதிந்து நம்பர் வாங்கினால்தான் நர்ஸ். அசிஸ்டெண்ட் படிப்பு வேறு. ஜிடிஏ என்பார்கள், ஜெனரல் டியூட்டி அசிஸ்டெண்ட். 10-ஆவது போதும், சில மாதம்தான். ஸ்கில் இந்தியா என்கிற மத்திய அரசுப் பயிற்சித் திட்டம் வழியாக நடந்தால் கடைசியில் வெளியாள் வந்து தேர்வு வைப்பார், ஹெல்த்கேர் செக்டார் ஸ்கில் கவுன்சில் பெயரில் சர்டிபிகேட் வரும். இன்ஸ்டிடியூட்காரர் தானே அச்சடித்துத் தருகிற காகிதத்தை வைத்து என்ன செய்வது?

மணி: சனிக்கிழமை பாப்பா காதுகுத்துக்கு வேனில் 14 சீட். யார் யார்?

பாண்டியன்: அசிஸ்டெண்ட் என்றால் பெட்பேன் எடுக்கிற வேலைதானே. நம் வீட்டுப் பிள்ளைக்கு எதற்கு?

செல்வி: அண்ணே, அப்பா படுக்கையில் கிடந்த 7 மாதம் பெட்பேன் எடுத்தது யார்? நான் நைட் டியூட்டி போன நாளெல்லாம் அசிஸ்டெண்டாக வந்த அம்மாதான் பார்த்தார்கள். 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை அப்பாவைத் திருப்பிப் படுக்க வைப்பார்கள். முதுகுக்கு ஒரு தலையணை, கெண்டைக்காலுக்கு அடியில் மடித்த துண்டு, குதிகால் மெத்தையில் படவே படாது. அப்பாவைக் கடைசியாகக் குளிப்பாட்டும்போது உடம்பில் ஒரு புண் இல்லை. அந்த வேலையைக் குறைத்துப் பேசாதே.

கணேசன்: அக்கா, பழைய கதை வேண்டாமே

பாண்டியன்: நான் அப்போது சூரத்தில் இருந்தேன். எல்லோருக்கும் தெரியும்.

மணி: வேன்??

தேவி: அத்தை, அசிஸ்டெண்ட் ஊசி போடலாமா? 2 மாதத்தில் கற்றுத் தருவோம் என்றார்கள்.

செல்வி: கூடவே கூடாது. ஊசி, மருந்து எல்லாம் நர்ஸ் பொறுப்பு. டெம்பரேச்சர், பல்ஸ் பார்த்து எழுதுவது, யூரின் பையை அளந்து காலி செய்வது, ஊட்டுவது, ஆள் படுத்திருக்கும்போதே விரிப்பு மாற்றுவது, இதெல்லாம் அசிஸ்டெண்ட் வேலை. ஒருக்களித்துத் திருப்பத் தெரியாமல் இழுத்தால் தோல் உரிந்துவிடும்.

தேவி: எனக்கு நர்ஸாகத்தான் ஆசை. காமர்ஸ் குரூப்புக்கு அது கிடையாது என்று அங்கே சொன்னார்கள்.

செல்வி: பி.எஸ்சி.க்குத்தான் பயாலஜி வேண்டும். ஜிஎன்எம்முக்கு எந்தக் குரூப்பும் சேரலாம், இந்திய நர்சிங் கவுன்சில் விதியே அதுதான். 12-ஆவதில் 40 சதவீதம் வேண்டும், இங்கிலீஷ் பாடமும் படித்திருக்க வேண்டும். உன் மார்க்?

தேவி: 600-க்கு 412

செல்வி: தாராளம். ஆனால் சேரும் முன் அந்த நர்சிங் பள்ளி கவுன்சில் லிஸ்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கலா: 3 வருட ஃபீஸுக்கு எங்கே போவது மதினி

கணேசன்: முதலில் அந்த 5,000 திரும்பி வருமா?

செல்வி: நாளை 10 மணிக்கு நானும் வருகிறேன். ரசீதை மறக்காதே கலா.

பாண்டியன்: முதல் வருட ஃபீஸில் பாதி நான் பார்க்கிறேன். சனிக்கிழமை நேரில் பேசுவோம்.

தேவி: பெரியப்பா!

கணேசன்: அண்ணே, யோசித்துச் சொல்லுங்கள். வீட்டில் அண்ணியிடம் கேட்டீர்களா?

பாண்டியன்: சனிக்கிழமை என்றேனே

மணி: அப்போ வேனில் சித்தப்பா வீட்டுக்கு 3 சீட் போடட்டுமா? 5 மணிக்கா, 5.30-க்கா?

கலா: 2 போடு மணி. இல்லை, இரு, நாளை போய் வந்து சொல்கிறேன்.