புதுப்பிப்பு: டிரம் பிரேக்கை அட்ஜஸ்ட் செய்தும் பெடல் இறங்கியது ஏன்?

முன்பு கேட்டது: பின்சக்கர டிரம் பிரேக்கை அட்ஜஸ்ட் செய்தும் பெடல் பாதிக்கு மேல் இறங்குகிறது, ஒரு சக்கரம் மட்டும் பூட்டிக்கொள்கிறது.

காரணம் இரண்டு. டிரம்முக்குள் உரசிச் சக்கரத்தை நிறுத்தும் பிரேக் ஷூவைத் தள்ளுவது வீல் சிலிண்டர். இடது வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாகத் தூக்கினால் உள்ளே பிரேக் ஆயில் தேங்கி நிற்கிறது. ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் (கப் சீல்) போய்விட்டது. ஆயில் ஊறிய ஷூவைக் கழுவி உப்புத்தாள் போட்டாலும் பயனில்லை, சூடானதும் திரும்பக் கசியும். சிலிண்டரோடு ஷூவையும் மாற்றியாயிற்று. ஷூ மட்டும் இரு பக்கமும் சேர்த்து. (ஷூவின் மேல் உரசும் பழைய பட்டையில் (லைனிங்) ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.)

இன்னொன்று, ஹேண்ட்பிரேக் கேபிள் இறுக்கமாக இருக்கும்போதே ஸ்டார் வீலை (ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் பல்சக்கரம்) திருப்பியது. கேபிள் ஷூவை இழுத்துப் பிடித்திருப்பதால் இடைவெளி சரியாக இருப்பதுபோல் பொய் காட்டும். முதலில் கேபிளைத் தளர்த்துங்கள். சக்கரத்தைக் கையால் சுற்ற முடியாமல் போகும் வரை ஸ்டார் வீலை இறுக்கி, பெடலை நாலைந்து முறை அழுத்தினால் ஷூ நடுவில் உட்காரும். மறுபடி இறுக்கிப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு பல்லாகத் தளர்த்துங்கள். மெல்லிய உரசல் மட்டும் கேட்டால் போதும். கேபிளைச் சரிசெய்வது கடைசியில்தான்.

பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்றிய (ஏர் எடுத்த) பிறகு பெடல் இப்போது மேலேயே கெட்டியாக நிற்கிறது.