"பரவாயில்லை" என்பவரின் மனநிலையை எப்படி மதிப்பிடுவது?

மனநல ஆலோசனைக்கு வந்தவரிடம் "எப்படி இருக்கீங்க?" என்றால் பெரும்பாலும் வரும் பதில் "பரவாயில்லை". அதை அப்படியே மேற்கோள் குறிக்குள் எழுதிக்கொள்ளுங்கள்; அது அவர் சொல்லும் மனநிலை. நீங்கள் கண்டதைத் தனி வரியில் எழுதுங்கள்: குரல் தட்டையாக இருந்ததா, கண் கலங்கியதா, இழப்பைச் சொல்லும்போது சிரித்தாரா? இரண்டும் ஒத்துப்போகாத இடத்திலிருந்துதான் அடுத்த கேள்வி பிறக்கும். "சோகமாக இருந்தார்" என்று கலந்து எழுதிவிட்டால், அது அவர் சொன்னதா நாம் ஊகித்ததா என்று பிறகு பிரிக்கவே முடியாது.

"தூக்கம் எப்படி?" என்பதும் போதாது. படுத்தது எப்போது, தூங்கியது எப்போது, விழித்தது எப்போது என்று மணிக்கணக்காகக் கேளுங்கள். வழக்கத்தைவிட 2 மணி நேரம் முன்பே விழித்து, காலையில் மனம் அதிகம் கனத்துக் கிடந்தால் ஆழ்ந்த மனச்சோர்வை நினைக்க வேண்டும்.

—

தூக்கம் பற்றிச் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 3 மணி நேரமே தூங்கியும் களைப்பில்லை, பேச்சு வேகம், புதுப்புதுத் திட்டங்கள் என்றால் "தேறிவிட்டார்" என்று எழுதிவிடாதீர்கள். மனச்சோர்வுக்கு எதிர்முனையான, மனமும் உடலும் அளவுக்கு மீறி வேகமெடுக்கும் மிகையெழுச்சி நிலையாக (mania) இருக்கலாம். மனநல மருத்துவர் பார்க்க வேண்டும்.

மனச்சோர்வை அளவிடும் பிஎச்கியூ-9 (PHQ-9) கேள்வித்தாளில் கடந்த 2 வாரங்களைப் பற்றி 9 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் அதிகபட்சம் 27. கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பதுதான் பெரிய தவறு. மொத்தம் 6 வந்தாலும், சாவதே மேல் என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவோ தோன்றியதா என்று கேட்கும் 9ஆவது கேள்விக்கு 1 போட்டிருந்தால் அன்றைய பேச்சு அதைப் பற்றித்தான். சுற்றி வளைக்க வேண்டாம். உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றியதா? தற்கொலை எண்ணம் வந்ததா? எப்படி என்று யோசித்தாரா? செய்யும் நோக்கம் உண்டா? அதற்கான பொருள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா? முன்பு முயன்றதுண்டா? நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பலருக்கு அது பெரிய ஆறுதல். நெடுநாள் சோர்ந்திருந்தவர் காரணமின்றித் திடீரென அமைதியானாலும் இதே கேள்விகளை மறுபடி கேளுங்கள். நோக்கமும் திட்டமும் இருந்தால் அவரைத் தனியே அனுப்பக் கூடாது.

—

கவனத்தைச் சோதிக்க 100இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள்: 93, 86, 79, 72, 65. பள்ளிக்கூடம் அதிகம் போகாதவரிடம் இது கணக்குப் பரீட்சையாகிவிடும். கிழமைகளைப் பின்னிருந்து சொல்லச் சொல்லுங்கள், போதும்.

குரல் கேட்கிறது என்றாலே மனநோய் என்று முடிவுகட்ட வேண்டாம். இறந்தவரின் குரல் துக்கத்தில் இருப்பவருக்குக் கேட்பதுண்டு. அந்தக் குரல் கட்டளையிடுகிறதா, அவரோ பிறரோ ஆபத்தில் இருக்கிறார்களா என்பதே முதலில் தெரிய வேண்டியது. நாள், இடம் குழம்புவது சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தொடங்கி, கூடுவதும் குறைவதுமாக இருந்தால் கேள்வித்தாளை மூடிவையுங்கள். தொற்றுநோய், மருந்து, திடீரென நிறுத்திய மது என்று உடல் சார்ந்த காரணம் இருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.