மாசமா இருக்கும்போது சளி, காய்ச்சல், நீர்க்கடுப்பு: மகப்பேறு டாக்டரா, பக்கத்து டாக்டரா?

கோபிக்காரன்:
வணக்கமுங்க. வீட்டுக்காரம்மாவுக்கு 22 வாரம். செக்கப் எல்லாம் ஈரோட்டுல. ரெண்டு நாளா சளி, தொண்டை வலி. நேத்திலிருந்து நீர்க்கடுப்பும் சேர்ந்துக்கிச்சு. காய்ச்சல் 99.8. பக்கத்து டாக்டர் "மாசமா இருக்கறவங்களுக்கு நான் மருந்து எழுதறதில்லை"ங்கறார். ஈரோட்டுக்குப் போன் பண்ணினா "சளிக்குப் பொது டாக்டரைப் பாருங்க"ங்கறாங்க. யாருகிட்டத்தான் போகோணும்? மெடிக்கல்ல கேட்டு மாத்திரை வாங்கிக் குடுக்கலாமுங்களா?

லேபர் வார்டு நர்ஸ், பெருந்துறை:
சளியையும் நீர்க்கடுப்பையும் தனித்தனியாப் பிரிச்சுக்குங்க. சளி, தொண்டை வலியை எந்தப் பொது டாக்டரும் பார்க்கலாம். நீர்க்கடுப்பு மகப்பேறு டாக்டர் பார்க்க வேண்டியது. இன்னைக்கே போன் பண்ணி, "22 வாரம், நீர்க்கடுப்பு, லேசாக் காய்ச்சல்"னு இந்த மூணையும் சேர்த்துச் சொல்லுங்க. சளின்னு ஆரம்பிச்சா அப்படித்தான் திருப்பி அனுப்புவாங்க.

காரணம் இருக்குதுங்க. கர்ப்பகால ஹார்மோனால சிறுநீர்க்குழாய் தளர்ந்துரும், கர்ப்பப்பையும் அதை அழுத்தும். நீர் தேங்கி, கிருமி சுலபமாக் கிட்னிக்கு ஏறிரும். குளிர் நடுக்கத்தோட காய்ச்சல், விலாவுக்குக் கீழ முதுகுப்பக்கம் வலி, வாந்தி வந்தா கிட்னி வரைக்கும் போயிருச்சுன்னு சந்தேகப்படோணும். அட்மிட் பண்ணி நரம்பு வழியாத்தான் மருந்து ஏத்துவாங்க, விட்டா பிரசவவலி முன்னாடியே வந்துரலாம். "சூடு புடிச்சுக்கிச்சு, இளநி குடி"ன்னு நாளைக் கடத்தாதீங்க. தண்ணி நல்லாக் குடிக்கட்டும், ஆனா அது வைத்தியம் ஆகாது.

ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி யூரின் கல்ச்சர் (நீர்ல என்ன கிருமின்னு வளர்த்துப் பார்க்கற டெஸ்ட்) குடுத்துருங்க. கழுவிட்டு, முதல்ல வர்ற நீரை விட்டுட்டு, நடுவுல வர்றதை லேப் குடுக்கற டப்பாவுல புடிக்கோணும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள லேப்ல சேர்த்துருங்க. வீட்டு டப்பாவுல கொண்டுபோனா வெளிக்கிருமி கலந்து ரிசல்ட் குழம்பிரும். மாத்திரையைக் கடுப்பு நின்னதும் நிறுத்தாம, எழுதின நாள் முழுக்கச் சாப்பிடோணும். முடிஞ்சு ஒண்ணு ரெண்டு வாரத்துல இன்னொரு கல்ச்சர் பார்த்தாத்தான் கிருமி போனது உறுதியாகும்.

மருந்தாளுநர், பவானி:
மெடிக்கல்ல கேட்டு வாங்கறது பத்தி. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் 500 அல்லது 650, ஆறு மணி நேர இடைவெளியில, ஒரு நாளைக்கு நாலுக்கு மேல வேண்டாம். அதுக்கு மேல எதுவும் சீட்டு இல்லாம வாங்காதீங்க.

"சளி மாத்திரை"ன்னு கேட்டாக் குடுக்கற கலவை மாத்திரைகள்ல பாராசிட்டமாலும், மூக்கடைப்புக்கான ஃபினைல்எஃப்ரினும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். பாராசிட்டமால் ரெட்டிப்பாப் போயிரும். ஃபினைல்எஃப்ரின் ரத்தக்குழாயைச் சுருக்கும், பிபி இருக்கறவங்களுக்கு ஆகவே ஆகாது. ஆவி புடிக்கறது, உப்புத்தண்ணி கொப்புளிக்கறது, மூக்குல உப்புநீர்ச் சொட்டு, இது போதும்.

இன்னொண்ணு: காய்ச்சலுக்கோ உடம்பு வலிக்கோ டைக்ளோ ஊசி போடறது நம்மூருல சாதாரணம். 20 வாரத்துக்கு மேல டைக்ளோஃபினாக் (அதுதான் டைக்ளோ), ஐபுப்ரோஃபென்ங்கற வலி மருந்து ரெண்டுமே குழந்தையோட சிறுநீரகத்தைப் பாதிச்சுப் பனிக்குட நீரைக் குறைக்கும். ஊசி போடறதுக்கு முன்னாடி என்ன மருந்துன்னு கேட்டே ஆகோணும்.

பொது மருத்துவர், திருப்பூர்:
மருந்தே எழுதமாட்டேன்னு திருப்பி அனுப்பறது சரியில்லைங்க. வைத்தியம் பார்க்காத காய்ச்சல்தான் தாய்க்கும் குழந்தைக்கும் பெரிய ஆபத்து. கர்ப்பிணிக்கு ஆகற மருந்து தாராளமா இருக்கு. உண்ணிக் காய்ச்சல்னா வழக்கமாக் குடுக்கற டாக்ஸிசைக்ளினுக்குப் பதிலா அஸித்ரோமைசின். காடு தோட்டத்துப் பக்கம் குடியிருந்தா அக்குள், இடுப்பு மடிப்புல சிகரெட் சுட்ட மாதிரி கருப்புப் பொருக்கு இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க, அது உண்ணி கடிச்ச அடையாளம். நெஞ்சு எக்ஸ்ரே தேவைப்பட்டாலும் பயப்பட வேண்டாம், குழந்தைக்குப் போற கதிர்வீச்சு ரொம்ப ரொம்பக் குறைவு.

எந்த டாக்டர்கிட்ட போனாலும் உள்ள நுழைஞ்சதும் எத்தனை வாரம்னு சொல்லுங்க. செக்கப் ஃபைல், கடைசி ஸ்கேன், இப்பச் சாப்பிடற மாத்திரை அட்டை மூணும் கையில இருக்கட்டும். பல்வலிக்குப் பல் டாக்டர்தான், மரத்துப்போக ஊசி போட்டுக்கலாம். நாற்காலியில மல்லாக்கச் சாய்க்காம, வலது இடுப்புக்குக் கீழ ஒரு துண்டை மடிச்சு வெக்கச் சொல்லுங்க. இல்லீன்னா கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலை சுத்தும்.

கோபிக்காரன்:
ரொம்ப நன்றிங்க. கல்ச்சர் இன்னைக்கே குடுத்தர்றோம். ராத்திரியில எதுக்குக் காத்திருக்காமக் கிளம்போணும்?

லேபர் வார்டு நர்ஸ், பெருந்துறை:
காய்ச்சல் 100.4 தாண்டுனா, குளிர் நடுங்குனா, மூச்சு வாங்குனா, ரத்தமோ தண்ணியோ போனா. விடாத தலைவலி, கண் மங்கறது, மேல்வயித்து வலி இருந்தாலும் கிளம்பிருங்க. அது பிபியா இருக்கலாம், 140/90 வந்தாலே டாக்டருக்குத் தெரியோணும். உள்ளங்கை, உள்ளங்கால் மட்டும் ராத்திரியில அரிச்சா தோல் டாக்டர் வேண்டாம், மகப்பேறு டாக்டர்கிட்டயே சொல்லி லிவர் டெஸ்ட் எடுக்கோணும். ஈரோடு வரைக்கும் போக முடியாத நிலைன்னா 108-ஐக் கூப்பிட்டு, முதல்ல கோபி அரசு ஆஸ்பத்திரிக்கே போயிருங்க.