உதவி: 1 ஜிபி சர்வருக்கு அப்பாச்சியா, என்ஜின்எக்ஸா? கூட்டம் வந்தா சைட் படுத்துடுது

கோட்டையூர்க்காரன்
வணக்கம். 1 ஜிபி ராம் உள்ள ஒரே விபிஎஸ்ல (வாடகை சர்வர்) மூணு வேர்ட்பிரஸ் சைட் வச்சிருக்கேன். உபுண்டு, வெப் சர்வர் அப்பாச்சி. ஒண்ணு ஆத்தங்குடியில எங்க மாமாவோட டைல்ஸ் பட்டறைக்கு, ஒண்ணு கானாடுகாத்தான் ஹோம்ஸ்டேக்கு, ஒண்ணு காரைக்குடியில பலகாரம் போடுற ஆச்சிக்கு. போன வாரம் மாமா கண்ணாடித் தட்டுல கலர் ஊத்துற வீடியோ வாட்ஸ்அப்ல சுத்துச்சு. பத்தே நிமிஷத்துல மூணு சைட்டும் போச்சு, 'டேட்டாபேஸ் கனெக்‌ஷன்' எரர். ரீஸ்டார்ட் பண்ணா எழுந்து மறுபடி விழுது. என்ஜின்எக்ஸ்ங்கிற வேற வெப் சர்வருக்கு மாறச் சொல்றாங்க. தீபாவளிக்கு ஆச்சிக்கு மனகோலம், சீப்புச் சீடை ஆர்டர் குவியும். அதுக்குள்ள சரி பண்ணியாகணும்.

தேவகோட்டை ரஸ்தா
மாத்துறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பார்த்துச் சொல்லுங்க தம்பி. அப்பாச்சி எந்த எம்பிஎம்ல, அதாவது வர்ற கனெக்‌ஷனைக் கையாளுற எந்த முறையில ஓடுது? ஒரு பிராசஸ் எவ்வளவு ராம் தின்னுது? கெர்னல் லாக்ல 'அவுட் ஆஃப் மெமரி' இருக்கா?

கோட்டையூர்க்காரன்
பிரீஃபோர்க் (கனெக்‌ஷனுக்கு ஒரு பிராசஸ்), வேர்ட்பிரஸை ஓட்டுற பிஎச்பி அப்பாச்சிக்குள்ளயே இருக்கிற மாட்_பிஎச்பி. ஒரு பிராசஸ் சுமார் 45 எம்பி. லாக்ல மைஎஸ்க்யூஎல்லைக் கொன்னதா இருக்கு அண்ணே. டைல்ஸ் கேலரியில 60 போட்டோ, ஒவ்வொண்ணும் 4, 5 எம்பி.

தேவகோட்டை ரஸ்தா
அப்ப டேட்டாபேஸ் மேல தப்பே இல்லை. ராம் தீர்ந்ததும் கெர்னல் பெரிய பிராசஸாப் பார்த்து வெட்டுது, அது உங்க மைஎஸ்க்யூஎல்.

பிரீஃபோர்க்ல ஹெச்டிடிபி/2 (ஒரே கனெக்‌ஷன்ல பல ஃபைல் அனுப்புற புது முறை) ஓடாது. பழைய முறையில பிரௌசர் ஒரு சைட்டுக்கு 6 கனெக்‌ஷன் வரை திறக்கும், ஒவ்வொண்ணுக்கும் முழு அப்பாச்சி பிராசஸ் ஒண்ணு வேணும். 20 பேர் கேலரியைத் திறந்தா 120 பிராசஸ். போட்டோ எடுத்துக் கொடுக்கிற பிராசஸ்கூட பிஎச்பியைச் சுமந்துக்கிட்டே நிக்கும். போட்டோ போய்ச் சேர்ந்த பிறகும் கீப்அலைவ் செட்டிங் அந்தப் பிராசஸை 5 விநாடி பிடிச்சு வைக்கும். உபுண்டு கொடுக்கிற உச்ச வரம்பு 150 பிராசஸ். பாதி ராமைப் பகிர்ந்துக்கிட்டாலும் 1 ஜிபி தாங்காது.

மாட்_பிஎச்பியைக் கழட்டிட்டு, பிஎச்பியை அப்பாச்சிக்கு வெளியே தனியா ஓட்டுற பிஎச்பி-எஃப்பிஎம் போடுங்க. பிரீஃபோர்க்கை அணைச்சு ஈவென்ட் எம்பிஎம்முக்கு மாறுங்க. சும்மா நிக்கிற கனெக்‌ஷன் அதுல வொர்க்கரைப் பிடிச்சு வைக்காது. எஃப்பிஎம்ல மூணு சைட்டுக்கும் சேர்த்து 6 சில்ட்ரன் (பிஎச்பி பிராசஸ்) போதும். ஏழாவது ஆள் கொஞ்சம் காத்திருப்பார், ஆனா சைட் சாகாது. போட்டோவை 200 கேபிக்குச் சுருக்குங்க. இன்னைக்கே செய்யக்கூடியது அதுதான்.

பள்ளத்தூர் அக்கா
ரஸ்தா அண்ணன் சொன்னதைச் செய்ங்க. என்ஜின்எக்ஸ் நல்ல சர்வர்தான். 2004ல வெளியானதே ஆயிரக்கணக்கான கனெக்‌ஷனைக் கொஞ்ச ராம்ல தாங்கத்தான். நானும் அதைத்தான் ஓட்டுறேன். ஆனா அப்பாச்சிக்கு ஃபோல்டர்வாரியா விதி சொல்ற .எச்டிஆக்சஸ் ஃபைலை அது படிக்கவே படிக்காது. பெர்மாலிங்க் (பக்க முகவரி) எல்லாம் 404 ஆனா உடனே தெரிஞ்சிடும், என்ஜின்எக்ஸ் செட்டிங்ல டிரை_ஃபைல்ஸ் வரி ஒண்ணு போட்டா சரியாயிடும். பயப்பட வேண்டியது சத்தமில்லாம நடக்கிறதுக்குத்தான். நான் மாத்தின ஒரு கடை சைட்ல ஆர்டர் லிஸ்ட் ஒரு ஃபோல்டர்ல இருந்துச்சு, .எச்டிஆக்சஸ்ல பூட்டியிருந்தாங்க. மாத்தின அன்னைக்குப் பூட்டு போச்சு. வாடிக்கையாளர் பேர், போன் நம்பர், விலாசம் எல்லாம் பிரௌசர்ல பளிச்சுன்னு திறந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சுத்தான் பார்த்தேன். இன்னைக்கும் நினைச்சா வயித்தைப் பிசையுது.

மாமா சைட்டுக்கு வேர்ட்பிரஸே தேவையில்லை. வெறும் ஹெச்டிஎம்எல்லா மாத்தித் தனி மெஷின்ல கேடிங்கிற (Caddy) வெப் சர்வர் போட்டா எஸ்எஸ்எல் சர்டிஃபிகேட்டையும் அதுவே எடுத்து அதுவே புதுப்பிச்சுக்கும். அதே மெஷின்ல போடாதீங்க, ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கான 443 போர்ட்டை அப்பாச்சி பிடிச்சிருக்கும்.

கோட்டையூர்க்காரன்
ஈவென்ட், எஃப்பிஎம் ரெண்டும் ராத்திரியே மாத்திட்டேன். போட்டோவும் சுருக்கியாச்சு. காலையில மாமா வீடியோவை மறுபடி அனுப்பினார், பேஜ் கொஞ்சம் மெதுவா வந்துச்சு, மைஎஸ்க்யூஎல் விழல. அக்கா சொன்னதும் ஆச்சி சைட்டைத் தேடிப் பார்த்தேன். ஆர்டர் ஃபோல்டர்ல அதே மாதிரி ஒரு .எச்டிஆக்சஸ் பூட்டு இருந்துச்சு. லிஸ்டையெல்லாம் வெப் ஃபோல்டருக்கு வெளியே எடுத்து வச்சிட்டேன்.