பாத்திரம் கழுவிய கையும் ஒரு பந்து மலைப்பாம்பும்

தேம்ஸ்கரையான்:
"பாம்பு வளர்ப்பவர்கள் பாம்பின் மேல் உள்ள ஆசையால் வளர்ப்பதில்லை, பிறர் அஞ்சுவதைப் பார்க்கத்தான் வளர்க்கிறார்கள், செங்கல்லைத் தடவிக்கொடுத்தாலும் அதே அன்புதான் திரும்பக் கிடைக்கும்" என்று நண்பர் மெய்ப்பொருள் நேற்று வேறோர் இழையில் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். ஒன்பது ஆண்டுகளாக லண்டனில் ஒரு பெண் பந்து மலைப்பாம்பை வளர்த்துவரும் எனக்கு இதைப் படித்தபின் உறக்கம் வரவில்லை. எங்கள் செல்லி நான்கடி நீளம். குரைத்து அண்டை வீட்டாரை எழுப்பாது, மயிர் உதிர்க்காது, பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஓர் எலி போதும். ஆனால் வசதிக்காக மட்டும் யாரும் ஓர் உயிரை ஒன்பது ஆண்டு வைத்துக்கொள்ள மாட்டார்கள். வேலை முடிந்து வந்து மணிக்கட்டில் சுற்றவிட்டால் அதன் தசைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறுகித் தளர்வது தோலில் தெரியும். அந்த அரைமணி நேரம் கைப்பேசியைத் தொட முடியாது என்பதே எனக்குப் பெரும் பேறு. பெட்டியில் ஈரப்பதம் சரியாக இருந்தால், கண்மேல் இருக்கும் செதில் உட்பட, கழற்றிப்போட்ட காலுறைபோல ஒரே துண்டாகச் சட்டை உரிக்கும். சென்ற டிசம்பரில் ஒருநாள் பாத்திரம் கழுவிவிட்டு, சில்லிட்ட கையைப் பெட்டிக்குள் நீட்டினேன். 32 டிகிரியில் இருந்த தன் மறைவிடத்தை விட்டு வெளியே வந்து, அந்தக் குளிர்ந்த கையில் ஏறிச் சுற்றிக்கொண்டது. செங்கல்லிடம் இப்படி வருமா என்று நண்பர் விளக்கட்டும்.

மெய்ப்பொருள்:
வெயிலில் கிடந்த செங்கல் என்றால் இன்னும் விரைவாக வரும், ஐயா. இந்தப் பாம்பின் உதட்டோரத்தில் வெப்பத்தை உணரும் குழிகள் உள்ளன. இருட்டில் எலி எங்கே இருக்கிறதென்று அவைதான் காட்டிக்கொடுக்கின்றன. அஞ்சினால் தலையை நடுவில் மறைத்துப் பந்துபோலச் சுருளும் என்பதால்தான் அந்தப் பெயரே வந்தது. உங்கள் கையில் அது சுருண்டது அன்பினாலா அச்சத்தினாலா என்று அதனிடம் கேட்டீர்களா? நிற்க, லண்டனில் டிசம்பர் மாதத்தில் குளிர்ந்த நீரில் பாத்திரம் கழுவும் தமிழரைப் பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறேன். வெந்நீரில் கழுவிய கை சூடாகத்தானே இருந்திருக்கும்?

தேம்ஸ்கரையான்:
அன்று எங்கள் வீட்டு பாய்லர் பழுது. கை குளிர்ந்திருந்தது என்று நான் சொன்னால் குளிர்ந்திருந்தது. அஞ்சிய பாம்பு தலையை உள்ளே ஒளித்துக்கொள்ளும். செல்லி தலையை வெளியே நீட்டி, நாக்கால் என் விரலிடுக்கை மோந்துகொண்டிருந்தது. பாம்பையே தொட்டுப் பார்க்காதவருக்கு இந்த வேறுபாட்டை எழுத்தில் விளக்குவது கடினம்.

நாய்ப்பிரியை:
பாய்லர் பழுது என்றால் வீடே குளிர்ந்திருக்கும், அப்படியிருக்க அந்த மறைவிடம் மட்டும் 32 டிகிரியில் எப்படி இருந்தது என்று எனக்குப் புரியவில்லை. நான் தெருமுனையில் திரும்பும்போதே எங்கள் நாய் வாலாட்டத் தொடங்கிவிடும். அதன் அன்பை அளக்க வெப்பமானி தேவைப்பட்டதில்லை. கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதையைக் கேட்டிருக்கிறேன், கரையானே பாம்பை அழைத்துவந்து குடிவைத்ததை இப்போதுதான் பார்க்கிறேன்.

தேம்ஸ்கரையான்:
பெட்டியின் அடியில் இருப்பது மின்சாரச் சூட்டுப்பாய், அம்மா. அதற்கும் பாய்லருக்கும் தொடர்பில்லை. என் பெயரைக் கேலி செய்தாலும் பொறுத்துக்கொள்கிறேன், ஆனால் நஞ்சே இல்லாத பாம்பைக் கருநாகத்தோடு சேர்க்க வேண்டாம். ஒரு குளிர்காலத்தில் செல்லி நான்கு மாதம் எதையும் தொடவில்லை. இந்த இனத்தில் அது வழக்கம்தான் என்று தெரிந்தும், ஞாயிறுதோறும் தராசில் நிறுத்து எடையைக் குறித்துவைத்தேன். உறையவைத்த எலியை வெந்நீரில் இளக்கி, நீண்ட இடுக்கியில் பிடித்து ஆட்டிக் காட்டுவேன், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஐந்தாம் மாதம் ஓர் இரவு சட்டென்று பாய்ந்து கவ்வியபோது நானும் மனைவியும் சமையலறையில் நின்று கைதட்டினோம். பிறரை அச்சுறுத்த வளர்ப்பவன் இப்படிக் காத்திருப்பானா?

மெய்ப்பொருள்:
எலியை வெந்நீரில் இளக்குவது நீங்கள்தான் என்பதை நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். எனவே உங்கள் கை என்றால் எலி வரும் என்று அது பழகியிருக்கிறது. பாத்திரம் கழுவிய கையின் மர்மம் விலகியது.

தேம்ஸ்கரையான்:
அன்று அது இரை விழுங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது, எலி தேடி வரவில்லை. மேலும், இடுக்கி நீட்டுவதால் கையில் எலி வாசனையே இருக்காது. சென்ற ஆண்டு மீன்தொட்டி விவாதத்திலும் இப்படித்தான் பாதியைப் படித்துவிட்டு முடிவு சொன்னீர்கள். உங்கள் பேச்சைக் கேட்டு உப்புப் போட்டவரின் மீன்கள் என்ன ஆயின என்று இங்கு எல்லாருக்கும் தெரியும்.

மெய்ப்பொருள்:
உப்பின் அளவை அவர் தவறாகப் போட்டார். அதை இங்கே இழுப்பது உங்களிடம் வேறு வாதம் இல்லை என்பதைக் காட்டுகிறது.

மீனம்பாக்கத்தான்:
இருவரும் கையை விட்டுவிட்டுக் கொஞ்சம் ஊரைப் பாருங்கள். பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில், துணிப்பைகளுக்குள் முடிந்துவைத்த பந்து மலைப்பாம்புகளைச் சென்னை விமான நிலையச் சுங்கத்துறையினர் எத்தனை முறை கைப்பற்றியிருக்கிறார்கள்! இந்தியாவில் 2022இல் வனவிலங்குச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, 2024இல் வந்த விதிகளின்படி இவற்றை வைத்திருப்போர் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். இவற்றின் தாயகமான மேற்கு ஆப்பிரிக்காவின் கானா, டோகோ, பெனின் நாடுகளில் சினைப்பாம்புகளையும் முட்டைகளையும் காட்டிலிருந்து எடுத்துவந்து, குஞ்சு பொரித்தபின் ஏற்றுமதி செய்வதையும் உங்கள் மணிக்கட்டு இன்பத்தோடு சேர்த்து எழுதியிருக்கலாம்.

தேம்ஸ்கரையான்:
கடத்தல்காரனையும் என்னையும் ஒரே தட்டில் வைக்கிறீர்கள். செல்லி இங்கேயே ஒரு வளர்ப்பாளரிடம் பொரித்தது, தாயையும் நேரில் பார்த்துத்தான் வாங்கினேன். நீங்கள் சொல்லும் அதே பெனினில், ஊய்தா நகரில் இந்தப் பாம்புகளுக்கென்றே கோயில் இருக்கிறது. வீட்டுக்குள் வந்துவிட்ட பாம்பை அடிக்காமல் கோயிலில் கொண்டுபோய் விடுகிறார்கள். அவர்களும் அச்சுறுத்தத்தான் அப்படிச் செய்கிறார்களா?

மெய்ப்பொருள்:
வழிபாடு வேறு, பெட்டி வேறு. ஸ்பைடர் என்ற நிறவகைப் பாம்புகள் தலை நிலைகொள்ளாமல் ஆடும் குறையோடு பிறப்பது தெரிந்தும், கோலம் அழகாக இருக்கிறதென்று இனப்பெருக்கம் செய்தவர்கள் உங்கள் கூட்டத்தார்தாமே?

தேம்ஸ்கரையான்:
செல்லி காட்டில் இருப்பதைப் போன்ற சாதாரணப் பழுப்பு நிறம். அந்த வகையை நான் வாங்கியதும் இல்லை, வாங்குவோரை ஆதரித்ததும் இல்லை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் விலங்குக்காட்சிசாலையில் 60 வயதைக் கடந்த பந்து மலைப்பாம்பு ஒன்று, பல ஆண்டுகளாக ஆண் துணையே இல்லாமல் 2020இல் ஏழு முட்டை இட்டது. அப்படிப்பட்ட உயிரோடு முதுமைவரை வாழலாம் என்பதுதான் எங்கள் ஆசை. பேச்சை மாற்றிக்கொண்டே போகாமல் கைக்கு வாருங்கள். நேற்று வெப்பமானி வாங்கி, குளிர்ந்த நீரில் பாத்திரம் கழுவி, அளந்தேன். மறைவிடம் 32, கை 27. செல்லி வந்தது. படம் இணைத்திருக்கிறேன்.

நாய்ப்பிரியை:
படத்தில் அழுக்குப் பாத்திரம் இன்னும் பாதி கிடக்கிறது.

மெய்ப்பொருள்:
வெப்பமானியை வைத்தது உள்ளங்கையிலா, புறங்கையிலா?

தேம்ஸ்கரையான்:
புறங்கையில். அன்றும் பாம்பு ஏறியது புறங்கையில்தான், முதல் பதிவிலேயே சொல்லியிருக்கிறேன்.

மெய்ப்பொருள்:
முதல் பதிவில் "கை" என்று மட்டுமே இருக்கிறது.