கடலடியில் நிற்கிற விமானந்தாங்கி: ஒரிஸ்கனி கப்பலில் டைவ் போன அனுபவம்

வேண்டுமென்றே மூழ்கடித்த கப்பல்களில் டைவ் போனவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் போனது யுஎஸ்எஸ் ஒரிஸ்கனி என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல். ஃப்ளோரிடாவில் பென்சகோலா கரையிலிருந்து கிட்டத்தட்ட 40 கி.மீ. தள்ளி, மெக்சிகோ வளைகுடாவின் அடியில் நிமிர்ந்தபடி நிற்கிறது. நீளம் 270 மீட்டருக்கு மேல். 2006ல் இதை மூழ்கடித்தபோது, மீன்களுக்கு உறைவிடமாகட்டும் என்று மூழ்கடித்த கப்பல்களில் இவ்வளவு பெரியது வேறு இருக்கவில்லை.

முதலில் கப்பலைப் பற்றிக் கொஞ்சம். அது தெரியாமல் இறங்கினால் வெறும் இரும்பைப் பார்த்துவிட்டு வருவோம். 1944ல் நியூயார்க்கில் கட்டத் தொடங்கி, 1950ல் கடற்படையில் சேர்த்தார்கள். கொரியப் போர், வியட்நாம் போர் இரண்டிலும் இருந்தது. 1966 அக்டோபர் 26 அன்று ஒரு மெக்னீசியம் ஒளிக்குண்டு கப்பலுக்குள்ளேயே பற்றிக்கொண்டு 44 பேர் இறந்தார்கள். சரியாக ஒரு வருடம் கழித்து, அதே அக்டோபர் 26ல், இதிலிருந்து கிளம்பிய ஜான் மெக்கெய்னின் விமானம் ஹனோய் மேலே சுடப்பட்டது. பின்னாளில் அதிபர் தேர்தலில் ஒபாமாவை எதிர்த்து நின்றவர் அவர்தான். 1976ல் கப்பலுக்கு ஓய்வு கொடுத்தார்கள். பழைய இரும்பாக உடைக்க விற்றதும் நடக்காமல் போய், கடைசியில் 2006 மே 17 அன்று சுமார் 230 கிலோ வெடிமருந்து வைத்து மூழ்கடித்தார்கள். பின்பக்கம் முதலில் இறங்கி, 37 நிமிடத்தில் முழுதும் உள்ளே போய்விட்டது. அதில் வேலை பார்த்த முன்னாள் வீரர்கள் பலர் படகுகளில் வந்து நின்று பார்த்தார்கள்.

மூழ்கடிப்பது என்றால் ஓட்டையைப் போட்டு விட்டுவிடுவது இல்லை. எண்ணெய், கேபிள் உறைகளில் இருந்த பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள் என்று பலதையும் எடுக்க வேண்டியிருந்தது. அதற்கே வருடக்கணக்கில் வேலை, கோடிக்கணக்கில் டாலர். அப்படியும் கொஞ்சம் பிசிபி உள்ளேயே இருக்க அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை அனுமதி கொடுத்தது. அது சரியா என்று அன்றே சண்டை நடந்தது. கீழே மீன் கூட்டத்தைப் பார்க்கும்போது மனது நிறைந்தாலும், அந்தச் சண்டை தேவையில்லாதது என்று நான் சொல்ல மாட்டேன்.

இப்போது ஆழத்துக்கு வருகிறேன். நான் முக்கியமாகச் சொல்ல வந்ததே இதுதான். கடல் தரை 65 மீட்டரில் இருக்கிறது. விமானங்கள் இறங்கிய மேல்தளம் முதலில் 41 மீட்டரில் இருந்தது. 2008ல் கஸ்டாவ் புயல் வந்து, இவ்வளவு பெரிய கப்பலையே இன்னும் மூன்று மீட்டர் கீழே அமுக்கிவிட்டது. ஆகவே இப்போது மேல்தளம் 44 மீட்டர். தளத்தின் ஓரமாக எழும்பி நிற்கும் கோபுரத்தின் உச்சி சுமார் 25 மீட்டர். பொழுதுபோக்கு டைவிங்குக்கு எல்லை 40 மீட்டர். புரிகிறதா? கோபுரம் நமக்கு, தளம் நமக்கு இல்லை. ஆனால் தளம் நான்கே மீட்டர் கீழே தெளிவாகத் தெரியும். கை நீட்டினால் தொட்டுவிடலாம் போலத் தோன்றும். இந்தக் கப்பலில் பெரிய ஆபத்து அந்த நான்கு மீட்டர்தான்.

டைவ் படிக்காதவர்களுக்காக ஒரு கணக்கு. 40 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல ஐந்து மடங்கு. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்று இழுப்பவர் அங்கே 100 லிட்டர் இழுப்பார். வழக்கமான அலுமினிய சிலிண்டரில் சுமார் 2200 லிட்டர்தான் இருக்கும். அதாவது 22 நிமிடத்தில் காலி. கூட வந்தவருக்குக் காற்று தீர்ந்து, இருவரும் ஒரே சிலிண்டரில் மேலே வர வேண்டியதாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் ஆளுக்கு 30 லிட்டர், கீழே நிலைமையைப் புரிந்துகொள்ள ஒரு நிமிடம், மெதுவாக ஏறுவது, ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பது, எல்லாம் சேர்த்தால் சுமார் 1400 லிட்டர். சிலிண்டரில் பாதிக்கு மேல்! அப்படியானால் கீழே செலவழிக்க என்ன இருக்கிறது? அதனால் நானும் என்னோடு வந்த திருச்சிக்காரரும் பெரிய ஸ்டீல் சிலிண்டர் எடுத்துக்கொண்டோம். பக்கத்தில் ஆளுக்கொரு சின்ன சிலிண்டர் தனியாக. வாயு நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜன் கூட்டிய காற்று; எங்களுடையதில் ஆக்சிஜன் 28 சதவீதம். 40 மீட்டரில் அதன் ஆக்சிஜன் அழுத்தம் சரியாக 1.4 பார் வரும், அதுதான் எல்லை; 40 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. கிளம்புவதற்கு முந்தின இரவு விடுதி அறையில் உட்கார்ந்து இதையெல்லாம் தாளில் எழுதினோம். "தளத்தைத் தொடப் போறதில்லை, சரியா?" என்று அவர் கேட்டார். "சரிண்ணே" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. கீழே போய் முடிவெடுக்கிற வேலையே வைத்துக்கொள்ளவில்லை.

படகில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். எனக்கு அலை ஒத்துவராது, மாத்திரை போட்டிருந்தேன். கயிற்றைப் பிடித்து இறங்கும்போது மேல்தண்ணீர் பச்சையாக, கலங்கலாக இருந்தது. ஒரு கட்டத்தில் திரை விலகினதுபோல் சட்டென்று நீலம். அந்த நீலத்தில் கீழே கோபுரம் நின்றது. முழுசாக, ஒரே பார்வையில். நான் இதுவரை பார்த்த கப்பல்கள் எல்லாம் பக்கத்தில் போனால்தான் துண்டு துண்டாகத் தெரியும். இது பல மாடி கொண்ட கட்டடம். நீர் தெளிவாக இருந்தால் அதன் அளவே நம்மைத் திகைக்க வைத்துவிடும்.

கோபுரத்தின் சுவர்களில் சிப்பி, பஞ்சுயிரிகள், மென்பவளம் எல்லாம் அப்பியிருக்கின்றன. விளக்கு அடித்தால்தான் சிவப்பும் ஆரஞ்சும் தெரியும், இல்லாவிட்டால் எல்லாமே சாம்பல் நீலம். சுற்றிலும் ஆம்பர்ஜாக் கூட்டம், நம் ஊர்ப் பாரையின் உறவு. பெரிய சங்கரா மீன்கள், மேலே அசையாமல் நிற்கிற சீலா. அப்புறம் லயன்ஃபிஷ். நம் இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் வாழ்கிற மீன் இது. இங்கே வேற்று ஆள். இதை அடக்கி வைக்கிற எதிரிகள் இந்தக் கடலில் இல்லாததால் பெருகிப்போய், சின்ன மீன்களைத் தின்று தீர்க்கிறது. அதனால் டைவர்கள் ஈட்டியோடு போய்ப் பிடிக்கிறார்கள், சமைத்தும் சாப்பிடுகிறார்கள். முள்ளில்தான் விஷம், சதையில் இல்லை. சன்னலுக்குச் சன்னல் அது உட்கார்ந்திருப்பதால் எங்கேயும் கை வைக்காதீர்கள்.

36 மீட்டர் தாண்டியதும் மூளை மந்தமாவது எனக்குத் தெரிந்தது. அழுத்தத்தில் நைட்ரஜன் செய்கிற வேலை இது. பயமோ மயக்கமோ இல்லை. காற்று மானியில் எண் தெரிகிறது, ஆனால் அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பது ஒரு நொடி தாமதமாக வருகிறது. இது வரும் என்று எதிர்பார்த்திருந்ததால், எந்த மானி எந்த எண்ணுக்கு வந்தால் திரும்ப வேண்டும் என்பதைக் கைப்பலகையில் பெரிதாக எழுதி வைத்திருந்தேன். யோசிக்காமல் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

38 மீட்டரில் கோபுரத்தின் ஓரமாக மிதந்தபடி தளத்தைப் பார்த்தோம். விமானங்கள் ஓடி எழுந்த அந்த நீளம் இரண்டு பக்கமும் நீலத்துக்குள் போய் மறைகிறது. அங்கே இருந்தது ஐந்து நிமிடம்கூட இருக்காது. திருச்சிக்காரர் கட்டைவிரலை மேலே காட்டினார், ஏறினோம்.

படகில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் இருந்தார். வியட்நாம் காலத்தில் இதே கப்பலில் வேலை பார்த்தவராம். டைவ் செய்யவில்லை, மகனோடு வந்திருந்தார். மகன் முறையாக ஆழப் பயிற்சி எடுத்தவர், விமானக் கொட்டகை இருந்த அடுக்கு வரைக்கும் போனார். நாங்கள் மேலே வந்ததும் பெரியவர் கேட்ட முதல் கேள்வி: "நேராக நிற்கிறதா இன்னும்?" நிற்கிறது என்றோம். தான் படுத்த இடம் தளத்துக்கு நேர் கீழே என்றும், விமானத்தை உந்தி எறிகிற இயந்திரம் இரவெல்லாம் இடிக்கும், இருந்தும் அந்த வயதில் தூக்கம் வந்தது என்றும் சொன்னார். மகன் மேலே வந்து ஏணியைப் பிடிக்கும் வரை கடிகாரத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டே இருந்தார்.

*

மட்டக்களப்பிலிருந்து ஓர் உறுப்பினர்:

உங்களுடையது மூழ்கடித்த விமானந்தாங்கி. எங்கட கடலில் கிடப்பது போரில் மூழ்கிய விமானந்தாங்கி. எச்எம்எஸ் ஹெர்மிஸ், 1942 ஏப்ரல் 9, ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கியது. 300க்கும் மேலான ஆட்கள் போனார்கள். கரையில் நின்றவர்களுக்கு வெடிச்சத்தம் கேட்டது என்று அம்மம்மா சொல்லுவா. விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய உலகத்தின் முதல் கப்பல் அது.

தரை 53 மீட்டர். கப்பல் இடப்பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. ஒரிஸ்கனியில் மேலே நின்று பார்க்க ஒரு கோபுரமாவது இருக்கு, இங்கே மேலான பகுதியே 40 மீட்டருக்குக் கீழேதான். நான் ட்ரைமிக்ஸ் (ஆழத்துக்காக ஹீலியம் கலந்த வாயு) பயிற்சி முடித்த பிறகுதான் போனேன். வெறும் காற்றோடு போகிற ஆட்களும் இருக்கினம், எனக்கு அதில் உடன்பாடில்லை. மூழ்கடிக்கிற கப்பலில் கதவுகளைக் கழற்றி, வெளியே வர வழி வெட்டி வைப்பினம். ஹெர்மிஸில் ஒருத்தரும் உங்களுக்காக எதையும் வெட்டி வைக்கவில்லை. அது ஆட்கள் இறந்த இடம், நாங்கள் உள்ளே போகவும் இல்லை, ஒன்றையும் தொடவும் இல்லை. ஆழம் வேண்டாம் என்றால் அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் பாசிக்குடாப் பக்கம் சுமார் 24 மீட்டரில் கிடக்குது. ஏப்ரலில் இருந்து செப்டெம்பர் வரை கடல் அமைதி, அப்போது வாங்கோ.

*

மயாமியிலிருந்து ஓர் உறுப்பினர்:

வழி வெட்டி வைத்திருந்தாலும் போதாது என்பதற்கு எங்கள் பக்கத்து ஸ்பீகல் குரோவ் கப்பல் சாட்சி. கீ லார்கோ அருகே, 155 மீட்டர் நீளம். 2002 மே 17 அன்று, ஒரிஸ்கனிக்குச் சரியாக நான்கு வருடம் முன்னால், திட்டமிட்ட நேரத்துக்கு முன்பே தானாக மூழ்கி, கவிழ்ந்து, முன்மூக்கு தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. சில வாரங்கள் பாடுபட்டுப் பக்கவாட்டில் சாய்த்தார்கள். 2005ல் டென்னிஸ் புயல் வந்து அதை நிமிர்த்தி உட்கார வைத்தது! கஸ்டாவ் செய்ததைப் படித்தபோது இது நினைவுக்கு வந்தது.

2007 மார்ச்சில் அதன் உள்ளே ஆழமாகப் போனவர்களில் மூன்று பேர் இறந்தார்கள். கப்பலுக்குள் படிந்திருக்கும் மண் ஒரு துடுப்பு உதையில் கிளம்பினால் விளக்கு இருந்தும் கை தெரியாது. வழிக்கயிறு கட்டாமல், அதற்கான பயிற்சி இல்லாமல் உள்ளே போகாதீர்கள். வெளியே சுற்றிப் பார்ப்பதற்கே அந்தக் கப்பல் பல டைவ் தாங்கும்.

*

மீண்டும் நான்:

ஹெர்மிஸ் பற்றி எழுதியவருக்கு நன்றி. அம்மம்மா சொன்னதை வைத்துக்கொண்டு நீங்கள் இறங்கியிருக்கிறீர்கள், அதை இன்னும் விரிவாக எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

தனிச்செய்தியில் கேட்டவர்களுக்குப் பொதுவாகப் பதில். ஓபன் வாட்டர் கார்டு (டைவிங்கின் முதல் நிலைச் சான்று) மட்டும் போதுமா என்றால், போதாது. அதன் எல்லை 18 மீட்டர், கோபுரத்தின் உச்சியே அதற்குக் கீழே. அடுத்த நிலையான அட்வான்ஸ்டு முடித்து, டீப் (ஆழ டைவ்), நைட்ராக்ஸ் பயிற்சிகள் இரண்டும் எடுத்து, 30 மீட்டரில் பல முறை பழகிவிட்டு வாருங்கள். நான் இருக்கும் அட்லாண்டாவிலிருந்து காரில் ஐந்து மணி நேரம் என்பதால் திரும்பும்போது விமானப் பிரச்சினை எனக்கு இல்லை. விமானத்தில் வருபவர்கள் ஒரே நாளில் இரண்டு டைவ் போனால், கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் விட்டே ஏற வேண்டும். கோடையில் நீர் வெதுவெதுப்பாக இருக்கும், ஆனால் அதுதான் புயல் காலமும். இவ்வளவு தூரம் கடலுக்குள் போவதால் காற்று கொஞ்சம் அடித்தாலே பயணத்தை ரத்து செய்துவிடுவார்கள், ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு வாருங்கள்.

தளத்துக்கு எப்போது போவீர்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். டெகம்ப்ரஷன் (ஆழத்திலிருந்து நின்று நின்று மேலே ஏறுவது) பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன், அது முடிந்து ட்ரைமிக்ஸும் எடுத்த பிறகு. திருச்சிக்காரரும் கூட வருகிறார்.