மைதானப் பாதுகாப்பு என்றால் பை சோதனை மட்டும்தானா?

கேலரிப்பையன்:
பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் 2010 ஏப்ரல் 17 அன்று, மும்பையுடனான ஐபிஎல் ஆட்டத்துக்குச் சற்று முன் குண்டு வெடித்தது. பலருக்குக் காயம், யாரும் இறக்கவில்லை. ஆட்டமும் தாமதமாக நடந்து முடிந்தது. அதே மைதானத்தின் வாசல்களில் 2025 ஜூன் 4 அன்று, ஆர்சிபி கோப்பை வென்ற மறுநாள், குண்டும் இல்லை, துப்பாக்கியும் இல்லை, 11 பேர் நெரிசலில் இறந்தார்கள். நம் ஊரில் பாதுகாப்புத் திட்டம் போடுபவர்கள் தீவிரவாதியை மட்டுமே மனதில் வைத்துப் போடுகிறார்கள். டிக்கெட்டோடு வருகிற சாதாரண ரசிகன் எப்படி உள்ளே போவான், எப்படி வெளியே வருவான் என்று யாரும் யோசிப்பதில்லை. முதலில் மாற வேண்டியது இதுதான்.

காக்கிவீட்டுப்பிள்ளை:
கடுமையாக மறுக்கிறேன். என் அப்பா பல வருடம் மேட்ச் பந்தோபஸ்துக்குப் போனவர். பெங்களூரில் நடந்தது மேட்சே இல்லை. முந்தைய இரவு ஜெயித்து, மறுநாளே விழா என்று சமூக ஊடகத்தில் அறிவித்தால் போலீஸ் என்ன செய்யும்? ஏறத்தாழ 35,000 பேர் உட்காரும் இடத்துக்கு லட்சக்கணக்கில் வந்தார்கள். போலீஸ்காரர்கள் கடவுளும் இல்லை, மந்திரவாதியும் இல்லை என்று மத்திய நிர்வாகத் தீர்ப்பாயமே சொன்னது.

சோதனையைக் குறைவாகப் பேசாதீர்கள். 2015 நவம்பர் 13, பாரிஸ், ஸ்டேட் டி பிரான்ஸ் மைதானம். பிரான்ஸும் ஜெர்மனியும் ஆடிக்கொண்டிருந்தன, அதிபரே உள்ளே இருந்தார். வெடிகுண்டு அங்கியோடு வந்தவர்களால் உள்ளே நுழைய முடியவில்லை, வெளியே வெடித்தார்கள். அவர்களைத் தவிர அங்கே ஒருவர் இறந்தார். உள்ளே வெடித்திருந்தால் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள்.

வரைபடம்:
நான் சிவில் இன்ஜினியர். சோதனை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு ஆகும் நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். இங்கிலாந்தில் மைதானங்களுக்கு வழிகாட்டியாக வைத்திருக்கும் கையேடு, ஒரு சுழல் கதவு வழியாக மணிக்கு அதிகபட்சம் 660 பேர் என்கிறது. 35,000 பேர் ஒரு மணி நேரத்தில் உள்ளே போக 54 கதவு வேண்டும். நம் ஊர் தடவிச் சோதனையில் ஆளுக்குப் பத்து நொடி என்று வைத்தாலே ஒரு வரிசையில் மணிக்கு 360 பேர்தான். அப்போது 98 வரிசை. இரண்டு மணி நேரம் முன்பே திறந்தால் அதில் பாதி போதும். இந்தக் கணக்கைப் போடாமல் மெட்டல் டிடெக்டரை மட்டும் கூட்டினால், ஆபத்து உள்ளேயிருந்து வாசலுக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

1989இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில், ஒரு பக்கம் நின்று பார்க்க டிக்கெட் வாங்கிய 10,100 பேருக்கு ஏழே சுழல் கதவுகள். வெளியே நெரிசல் முற்றவே வெளியேறும் கதவு ஒன்றைத் திறந்துவிட்டார்கள். ஏற்கெனவே நிரம்பிக் கிடந்த, கம்பி வேலி போட்ட நடுக் கூண்டுகளுக்குப் போகும் சுரங்கவழியை யாரும் மூடவில்லை. 97 உயிர். ரசிகர்கள் குடித்துவிட்டு வந்தார்கள் என்று பழி போட்டார்கள். அது பொய், ரசிகர்கள் மேல் தவறில்லை என்று தீர்ப்பு வர 2016 ஆனது.

காக்கிவீட்டுப்பிள்ளை:
சரி, 2021 யூரோ கால்பந்து இறுதி ஆட்டத்தில் லண்டன் வெம்ப்ளி மைதானம்? உங்கள் கையேடு எழுதிய நாடுதானே? டிக்கெட் இல்லாத கும்பல் தடுப்புகளை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. கதவு எத்தனை இருந்தாலும் டிக்கெட் இல்லாதவனைத் தூரத்திலேயே நிறுத்தாவிட்டால் எந்தக் கணக்கும் நிற்காது. அதற்கு ஆள் பலம் வேண்டும், கண்டிப்பு வேண்டும்.

பெங்களூர்த்தமிழச்சி:
கண்டிப்பு என்றதும் பயமாக இருக்கிறது அண்ணா. 2022இல் இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் கால்பந்து மைதானத்தில் போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியதும் மக்கள் வாசலுக்கு ஓடினார்கள். குறுகிய வாசல்கள், சில சரியாகத் திறக்கவும் இல்லை. 135 பேர் இறந்தார்கள்.

நான் சின்னசாமி பக்கம் தினமும் போகிறவள். வாசலைத் தாண்டினால் நடைபாதை, அதைத் தாண்டினால் பஸ் ஓடும் ரோடு. வரிசை நிற்க இடமே கிடையாது. விசாரித்த நீதிபதி டி'குன்ஹா ஆணையமும் பெருங்கூட்டத்துக்கு அந்த இடம் ஏற்றதல்ல என்றது. பெண்கள் உலகக் கோப்பை ஆட்டங்கள் நவி மும்பைக்குப் போயின.

இன்னொன்று. வேறொரு ஊரில் மேட்ச் பார்க்கப் போனபோது ஆண்களுக்கு நாலு வரிசை, பெண்களுக்கு ஒன்றே ஒன்று. ஒரே ஒரு பெண் போலீஸ். கைப்பை ஒவ்வொன்றையும் கொட்டிப் பார்த்து, சீப்பு, பவர் பேங்க், குழந்தையின் பால் புட்டி என்று எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து தள்ளுகிறார்கள், முன்னால் கம்பித் தடுப்பு. தோளில் குழந்தையோடு நின்ற அக்கா ஒருவர் மூச்சு விட முடியாமல் கத்தினார். தேசிய கீதம் உள்ளே கேட்கிறது, நாங்கள் வெளியே. அந்தப் பெண் போலீஸையும் குறை சொல்ல முடியாது. இரண்டு பேராவது போட வேண்டும் என்று திட்டத்திலேயே யாரும் எழுதவில்லை.

வரைபடம்:
இதைத்தான் சொல்கிறேன். சதுர மீட்டருக்கு நாலு பேர் வரை நாம் நம் காலில் நிற்கிறோம். ஆறு ஏழு ஆகிவிட்டால் கூட்டம் வெள்ளம் மாதிரி அசையும், தனி ஆளால் எதையும் செய்ய முடியாது. லத்தியை எடுத்தால் இன்னும் மோசம். அதற்கு அரை மணி முன்பே, தெருவிலேயே கூட்டத்தைப் பிரித்து நிறுத்தியிருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் மைதானத்தின் கொள்ளளவை நாற்காலியை எண்ணி முடிவு செய்வதில்லை. எத்தனை பேர் நுழைய முடியும், எத்தனை பேர் இருக்க முடியும், எத்தனை பேர் வெளியேற முடியும், ஆபத்தில் எத்தனை பேர் தப்ப முடியும். இவற்றில் எது குறைவோ அதுதான் அனுமதி. சான்றிதழ் தருவது உள்ளாட்சி. வாசல் போதாதா, டிக்கெட்டைக் குறை.

காக்கிவீட்டுப்பிள்ளை:
அந்த எண் முறை எனக்குச் சம்மதம். ஆனால் கதவைக் கூட்டினால் தீரும் என்பதை ஏற்க மாட்டேன். நம் ஊரில் ஒரு டிசிபி, இன்று வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் மேலிருந்து ஒரு போன் வந்தால் எல்லாம் மாறிவிடும். அப்புறம் விபத்து நடந்தால் சஸ்பெண்ட் ஆவது அவர்தான். பெங்களூரில் கமிஷனரே ஆனார். மறுக்கும் அதிகாரத்தைச் சட்டத்தில் எழுதுங்கள், மீறி நடத்துகிறவர் பெயரைக் கோப்பில் போடுங்கள். பிறகு கதவைப் பற்றிப் பேசுவோம்.

கேலரிப்பையன்:
அதிகாரம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண் இல்லாமல் அந்த டிசிபி எதை வைத்து மறுப்பார்? சேப்பாக்கத்தில் வாலாஜா சாலைப் பக்கம் எத்தனை வரிசை, எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், பெண் போலீஸ் எத்தனை பேர்? அடுத்த சீசனுக்கு முன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடப்போகிறேன். காவல் துறைக்கு என்னென்ன கேள்வி கேட்கலாம் என்று காக்கி அண்ணன் சொல்லுங்கள், வரைபடம் சார் கணக்கைச் சரிபார்க்கட்டும்.